போர்வைக்குள் ஒரு ஊசி

"அசையாதீங்க. வச்ச காலை வச்ச இடத்திலேயே வைங்க," என்றாள் துண்டம்மா.

அவள் கணவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி கொக்கு மாதிரி நின்றார். பட்டறையில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வந்த மனிதர். பாயில் உட்காரலாம் என்ற ஆசையில்தான் அந்தக் காலைத் தூக்கியிருந்தார்.

"என்ன தொலைஞ்சுது?"

"ஊசி. போர்வை தைக்கிற தடி ஊசி."

அவர் தூக்கிய காலை எங்கே இறக்குவது என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டார். துண்டம்மா பாயை உதறினாள், கூட்டினாள், கூட்டிய குப்பையைக் கையால் கிளறினாள். கடைசியில் அவருடைய உள்ளங்காலையும் திருப்பிப் பார்த்தாள். எங்கும் இல்லை.

துண்டம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. கொடியில் நாலு நாள் சும்மா கிடந்த துணி எதுவானாலும் அதைச் சதுரம் சதுரமாக வெட்டிவிடுவாள். அதனால் சொந்தக்காரர்கள் வைத்த பெயர். வெட்டிய துண்டுகளை இணைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் ஒரு பழைய விரிப்பைக் கொடுத்து, மூன்றையும் சேர்த்துத் தைத்தால் ஒட்டுப்போர்வை. பகலெல்லாம் கிடங்கில் கிழிந்த சாக்குகளைத் தைத்துக் கை ஓய்ந்து வருபவள், வீட்டுக்கு வந்ததும் அதே கையால் இதைத் தைப்பாள். கேட்டால், அது வேலை, இது இளைப்பாறல் என்பாள். சொந்தத்தில் அவள் போர்வை இல்லாத கட்டிலே கிடையாது. ரேடியோவுக்குக்கூட ஒன்று போர்த்தியிருந்தாள். குளிரில் அதற்குத் தொண்டை கட்டிவிடக் கூடாதாம்.

கடைசியாகத் தைத்தது தங்கையின் கைக்குழந்தைக்கு. அதை முந்தின நாள்தான் கொண்டுபோய்க் கொடுத்திருந்தாள்.

யோசிக்க யோசிக்க அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பஞ்சு பரப்பிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். கையிலிருந்த ஊசியைப் பஞ்சிலேயே செருகிவிட்டு எழுந்து போனாள். திரும்பி வந்தவள், ஞாபகமில்லாமல் வேறு ஊசியை எடுத்துக் கோத்து, மேலே துணியைப் போட்டுத் தைத்து முடித்துவிட்டாள்.

"அப்போ பிள்ளை போர்வைக்குள்ளதான் இருக்கு," என்றார் கணவர். காலை இறக்கிவிட்டார். இனிப் பயமில்லையே.

"மெதுவாப் பேசுங்க."

"ஒரு போன் போட்டு விஷயத்தைச் சொல்லிடு. முடிஞ்சுது."

முடியாது. அங்கேதான் சிக்கல். தங்கையின் மாமியார் தையல் வகுப்பு நடத்துகிறவர். மகன், மருமகள், ஏன், கட்டின புருஷன்கூட அவரை 'டீச்சர்' என்றுதான் கூப்பிடுவார். போர்வையைக் கொடுத்த அன்று அதைப் புரட்டிப் பார்த்து, சாக்குத் தையலா என்று கேட்டார். கூடவே, "ஊசியெல்லாம் எண்ணி எடுத்தாச்சா? எங்கிட்ட வர்ற பொண்ணுங்களுக்கு முதல் பாடமே அதுதான்," என்றார். துண்டம்மாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை காலத்தில் தன் கையிலிருந்து ஒரு ஊசி தவறியதில்லை என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் போர்வை குப்பைக்குப் போகும். அது போனால் போகட்டும். இனிக் குழந்தையைத் தூக்கக் கை நீட்டும்போதெல்லாம் டீச்சர் அந்தக் கையைப் பார்ப்பாரே. துண்டம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தங்கையை இடுப்பில் சுமந்து வளர்த்தவள். தங்கை பெற்றதுதான் அவளுக்கும் பிள்ளை.

தங்கையிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லலாம் என்றால், அவள் வயிற்றில் ஒரு வார்த்தை தங்காது. அதனால் போனில், போர்வையின் ஒரு மூலையில் நூல் விட்டிருக்கிறது, கொடுத்தனுப்பு, தைத்துத் தருகிறேன் என்றாள். தங்கை சரி என்பதற்குள் டீச்சர் போனை வாங்கிவிட்டார்.

"நூல் எல்லாம் எங்கேயும் விடல. நானே பார்த்தேன். தையல் நல்லாத்தான் இருக்கு. அதை யாரும் தொட வேண்டாம்னு பீரோவில வச்சுப் பூட்டிட்டேன்."

துண்டம்மா போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"நல்லாருக்காம்," என்றாள்.

"யாரு சொன்னது?"

"டீச்சர்."

"அப்போ என்னமோ தப்பு நடந்திருக்கு," என்றார் கணவர்.

பீரோவுக்குள்ளேயே இருந்தால் யாருக்கும் ஆபத்தில்லை என்று அன்று சாயங்காலம் வரை மனதைத் தேற்றிக்கொண்டாள். அதற்கும் தங்கை முடிவு கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பார்க்க மாப்பிள்ளையின் ஆபீசிலிருந்து வருகிறார்களாம். கூடத்தில் அக்காவின் போர்வையை விரித்து, அதன்மேல்தான் பிள்ளையைப் படுக்க வைக்கப் போகிறாளாம். டீச்சர் வேண்டாம் என்றாராம், இவள் பிடிவாதமாக நிற்கிறாளாம். "எங்க அக்கா கைவேலையை எல்லாரும் பார்க்கட்டுமே," என்று போனில் பொங்கினாள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேறு வழி தோன்றாமல், அதே அளவில் இன்னொரு போர்வை தைத்துக் கொடுத்து, பழையதை வாங்கிவிடுவது என்று உட்கார்ந்தாள். துண்டுத் துணியெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. முதலில் ஜன்னல் திரைச்சீலை போயிற்று. பிறகு கணவரின் பட்டறைச் சட்டைகள் போயின. திரைச்சீலை இல்லாத ஜன்னலுக்கு முன்னால் சட்டை இல்லாமல் நின்ற மனிதர், எதிர்வீட்டுக்காரர் பார்க்கிறார் என்று சமையலறைக்குள் போய் நின்றுகொண்டார். இந்தத் தடவை கோத்த ஊசியைத் தவிர மற்ற ஊசிகளையெல்லாம் டப்பாவில் போட்டு மூடி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு தைத்தாள்.

புதிய போர்வையை எடுத்துக்கொண்டு போனபோது டீச்சர் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். பழையதைத் தருகிற பேச்சே இல்லை. துண்டம்மா ஜாடைமாடையாகக் கேட்டுப் பார்த்தாள். அது பீரோவில் பத்திரமாக இருக்கிறது, இதையே விரித்துக்கொள்ளலாம் என்றார் டீச்சர். துண்டம்மாவுக்குப் போன உயிர் திரும்பியது. அதற்குள் தங்கை ஓடி வந்து புதியதைத் தடவிப் பார்த்தாள்.

"இது மெல்லிசா இருக்கே அக்கா. ரொம்ப நல்லதாப் போச்சு. அடியில அதை விரிச்சுக்கிறேன், மேல இதைப் போர்த்திடறேன்."

டீச்சரின் முகம் சுண்டிவிட்டது. தன்னைப் பிடிக்காததால்தான் என்று துண்டம்மா நினைத்துக்கொண்டாள்.

ஞாயிறு காலை கணவர் பட்டறையிலிருந்து ஒரு காந்தத்தைக் கொண்டுவந்தார். கீழே சிந்திய இரும்புத் தூளை அள்ளுகிற காந்தம், ஒரு சோப்புக்கட்டி அளவு. அதைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு கட்டி, மிச்சமிருந்த ஒரே நல்ல சட்டையை மேலே போட்டுக்கொண்டார். விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் போய்விட வேண்டும். போர்வையை வெளியே எடுத்ததும் ஆசையாக வாங்கி மார்போடு அணைத்துக்கொள்வது, ஊசி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதுதான் திட்டம்.

"ஒட்டலைன்னா?"

"ஒட்டலைன்னா நான் வாயைத் திறந்து சொல்லிடுவேன்," என்றாள் துண்டம்மா. "மானம் போனாலும் பரவாயில்ல. பிள்ளை உடம்புல ஒரு கீறல் விழக்கூடாது."

பஸ்ஸில் அவர் கம்பியோடு ஒட்டிக்கொண்டார். இறங்க வேண்டிய இடம் தாண்டித்தான் பிய்த்து எடுக்க முடிந்தது. தங்கை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கூடத்தைப் பெருக்கி நாற்காலி போட்டுவிட்டார்கள். மூலையில் தங்கையின் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் உள்ளறையில், பீரோவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். சாவி இடுப்பில் இருந்தது.

பட்டறைக்காரர் நலம் விசாரிக்கிற சாக்கில் உள்ளே போனார். இரும்புப் பீரோ. கொஞ்சம் நெருங்கிவிட்டார். டங் என்று ஒரு சத்தம். மறுகணம் அவர் பீரோவைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

டீச்சர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"நல்ல பீரோ," என்றார் அவர், கன்னம் கதவில் அழுந்த. "இந்தக் காலத்துல இப்படித் தகடு கிடைக்காது."

"அதுக்காக?"

"பட்டறை ஆளுங்க. பார்த்தா விட மனசு வராது."

சாவியைப் பறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தாரோ என்னவோ, டீச்சர் இடுப்பை இறுகப் பற்றிக்கொண்டு பீரோவின் மறுபக்கத்தில் போய் நின்றுவிட்டார். இரண்டு பேரும் பீரோவை நடுவில் வைத்து அசையாமல் நின்றார்கள். துண்டம்மா வந்து கணவரின் இடுப்பைப் பிடித்து இழுத்து எடுத்தாள். சட்டைப் பித்தான் ஒன்று தெறித்து உருண்டது. அவளுக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று.

அந்த நேரம் பார்த்து விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

அவர்கள் முன்னால் மாப்பிள்ளை, "டீச்சர், சாவி," என்று கை நீட்டினார். டீச்சர் சாக்குப்போக்குச் சொல்லிப் பார்த்தார். போர்வை அழுக்காகிவிடும் என்றார், நாற்காலி முதுகில் போட்டுக் காட்டினால் போதாதா என்றார். எடுபடவில்லை. தங்கை பீரோவைத் திறந்து, போர்வையை நேராகக் கூடத்துக்கு எடுத்துப்போய் உதறி விரித்தாள். பட்டறைக்காரர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

விருந்தாளிகள் அழகு அழகு என்றார்கள். துண்டம்மா எட்டிப் பார்த்தாள். அந்தக் கலவரத்திலும், தன் தையல் இத்தனை நேராகவா இருந்தது என்று ஒரு நொடி பெருமையாக இருந்தது. அடுத்த நொடி தங்கை குழந்தையோடு குனிந்தாள்.

"வேண்டாம்," என்றாள் துண்டம்மா.

"வேண்டாம்," என்றார் டீச்சர்.

இரண்டு குரலும் ஒன்றாகவே வந்தன. தங்கை குனிந்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தரை சில்லுனு இருக்கு," என்றார் டீச்சர்.

துண்டம்மா உண்மையைச் சொல்லிவிடுவது என்று மூச்சை இழுத்தாள். சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. அதற்குள் அவள் கணவர், தலை சுற்றுகிறது என்று முனகிக்கொண்டு, வெட்டிய மரம்போல் போர்வையின் மேல் குப்புற விழுந்தார்.

விழுந்தவர் சும்மா கிடக்கவில்லை. இந்தப் பக்கம் புரண்டார், அந்தப் பக்கம் புரண்டார், நெஞ்சால் ஊர்ந்து மூலைக்குப் போனார். தார் போட்ட ரோட்டில் உருளை ஓட்டுகிற மாதிரி வரிசை விடாமல் போய் வந்தார். டீச்சர் தண்ணீர் எடுக்க ஓடினார். மாப்பிள்ளை விசிறினார். திடீரென்று நெஞ்சில் சுருக்கென்று குத்த, பட்டறைக்காரர் வாய்விட்டுக் கத்தினார்.

"கிடைச்சிடுச்சு."

"என்ன கிடைச்சுது?" என்றார் ஒரு விருந்தாளி.

"மூச்சு," என்றார் அவர்.

துண்டம்மா அவர் நெஞ்சைத் தடவிக் கொடுக்கிற மாதிரி கையை விட்டாள். துணியைக் குத்திக்கொண்டு முனை வெளியே நீட்டியிருந்தது. பிடித்து இழுத்தாள். அவளுடைய தடி ஊசியேதான். முந்தானையில் முடிந்துகொண்டாள். விருந்தாளிகள் இருந்திராவிட்டால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி தோள் இரண்டும் தளர்ந்தன.

பட்டறைக்காரர் எழுந்திருக்கக் கையை ஊன்றினார். நெஞ்சில் மறுபடி சுருக்கென்றது. இந்தத் தடவை அவர் கத்தவில்லை, மனைவியைத்தான் பார்த்தார். அவள் திரும்பக் கையை விட்டாள். இன்னோர் ஊசி. மெல்லிசு, சின்னது, காதில் வெள்ளை நூல் இன்னும் தொங்கியது. இத்தனை மெல்லிய ஊசியை அவள் வீட்டில் வைத்ததே இல்லை. சாக்குக்கும் போர்வைக்கும் அது தாங்காது. தனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று கையில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

பட்டறைக்காரர் சந்தேகத்துக்கு இன்னொரு தடவை போர்வை முழுக்க உருண்டு பார்த்தார். வேறெதுவும் குத்தவில்லை. விருந்தாளிகள் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார்கள். தங்கை குழந்தையைப் போர்வையில் கிடத்தி, புதியதை மேலே போர்த்தினாள். அது காலை உதைத்துக்கொண்டு, தன் பெரியப்பாவின் பழைய சட்டைத் துண்டைச் சப்பத் தொடங்கியது. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள்.

சமையலறையில் டீச்சர் செம்பை உருட்டுகிற சத்தம் கேட்டது. தங்கையின் மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, துண்டம்மாவின் பக்கத்தில் வந்து குனிந்தார். மெதுவாகக் கையை நீட்டினார்.

"அந்தச் சின்ன ஊசியை என்கிட்ட கொடும்மா. உன் தையலை யாருக்கும் தெரியாமப் பிரிச்சுத் திருத்தித் தைச்சப்போ டீச்சர் உள்ள விட்டது அது. கிடைச்சிடுச்சுன்னு போய்ச் சொன்னாத்தான் இனி அவ தூங்குவா."