பிள்ளையார் கடைசியில் நின்ற படம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கிவிட்டேன். எட்டாவதோடு நின்ற எனக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத என்ன யோக்கியதை? (அதைக் கவிழ்க்கப் பார்த்த யோக்கியதை உண்டு.)

எழுபதுகளில் என் நாத்தனார் வசந்தாவுக்கு நந்தனத்தில் ஓர் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை, தற்காலிகமாக. அந்த இயந்திரம் எப்படி வரிசைப்படுத்துகிறது என்று அதிகாரிகளுக்குப் புரியவைத்தால் நிரந்தரமாக்குவார்களாம். வசந்தா தாள் தாளாகக் கொலு பொம்மைகளை வரைந்தாள். முதல் தாளில் உயரம் கலைந்து நிற்கும். பக்கத்துப் பொம்மைகள் இரண்டிரண்டாக ஒன்றையொன்று பார்க்கும். முன்னால் நிற்பது நெட்டை என்றால் இடம் மாறும். வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து இன்னொரு சுற்று. கடைசித் தாளில் எல்லாம் உயரவாரியாக நிற்கும். வரிசையாகப் படம் பிடித்து ஓட்டினால் பொம்மைகளே நகரும்!

அந்த நேரம் பார்த்து அவளுக்குக் காய்ச்சல். சிந்தாதிரிப்பேட்டை ஸ்டூடியோவுக்குத் தாள்களை நான்தான் கொண்டுபோனேன். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தால், முதல் தாளில் குட்டிப் பிள்ளையார் கடைசியில் நிற்கிறார்! பகவானே, ஆரம்பமே இப்படியா? கடைசித் தாளில்தான் அவர் முதலில் இருந்தார். அத்தனையையும் தலைகீழாக அடுக்கினேன். கன்னத்தில் வேறு போட்டுக்கொண்டேன்.

"இன்னாம்மா, இப்டியேவா புடிக்கணும்?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"பிள்ளையார்தான் முதல்ல வரணும்" என்றேன், கம்ப்யூட்டரையே நான் கண்டுபிடித்த மாதிரி.

படம் நேரே ஆபீசுக்குப் போய்விட்டது. முன்கூட்டிப் பார்க்க வசந்தாவுக்கு நேரமில்லை. என்னையும் பெருமையாக அழைத்துப் போனாள். விளக்கை அணைத்தார்கள். அழகாக நின்ற கொலு, எல்லார் கண்முன்னும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. பிள்ளையார் பின்னால், பின்னால் என்று மூலைக்கே போய்விட்டார்.

"இதுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டர்? எங்காத்துக் குழந்தைகளே போறுமே!" என்றார் பெரிய அதிகாரி. ஹாலே சிரித்தது. நான் கற்பகாம்பாளைக் கூப்பிட்டபடி தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

வசந்தா எழுந்தாள். "கலைக்கறது யாரால வேணா முடியும் சார். இனிமேதான் கம்ப்யூட்டர் வேலை." ப்ரொஜெக்டர்காரரிடம், "அப்படியே பின்னோக்கி ஓட்டுங்கோ" என்றாள்.

அடடா, என்ன மூளை! பிள்ளையார் சுற்றுக்கு ஓரிடமாக முன்னே வந்தார். மொத்தத்தையும் பார்க்காமல், இரண்டிரண்டாகப் பார்த்தே எல்லாவற்றையும் ஒழுங்காக்கிவிடலாம் என்று என் மண்டைக்கே புரிந்தது.

"வந்துட்டார்பா, மொதல்ல வந்துட்டார்!" என்று வாசலில் நின்ற ப்யூன் கைதட்டினார். பெரிய அதிகாரி, "இன்னொரு தரம் போடும்மா" என்றார்.

வேலை நிரந்தரமாயிற்று. இன்றும் நவராத்திரிக்கு நான் பொம்மையைத் தொட்டால் போதும், "மன்னி, எந்தப் பக்கத்துலேர்ந்து?" என்று வசந்தா ஆரம்பித்துவிடுவாள்.

இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். முன்னதைப் பின்னதாக்க நான் ஒருத்தி போதும்.