எதிர்வீட்டில் யாரும் இல்லை

அழைப்புமணி அடித்ததும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றாள். வந்தவர் தானாகப் போய்விட வேண்டும். எப்போதும் அதுதான் அவள் வழி.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. அவள் ஊசியை எடுத்தால் பயில்வான்களுக்கே வியர்க்கும். அவளுக்கு வியர்ப்பது அக்கம்பக்கத்தாரைப் பார்த்தால்தான். எதிர்வீட்டு அம்மா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சாப்பிடக் கூப்பிடுவார். "டியூட்டி இருக்குங்க" என்று நழுவிவிடுவாள். இந்த வருஷமும் நழுவியாகிவிட்டது.

மணி மறுபடி அடித்தது. கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். எதிர்வீட்டுப் பாப்பா, புது கவுனில். அதன் பின்னால் அந்த வீடு இருண்டு கிடந்தது.

திறந்தாள்.

"டியூட்டிக்குப் போகலையாக்கா?"

"அது... மாத்திட்டாங்க. நீ ஏன் தனியா நிக்கறே?"

"வீட்ல யாரும் இல்ல."

"கிறிஸ்துமஸ் அன்னிக்கா?"

பாப்பா தலையைக் குனிந்துகொண்டது.

நண்டுசிண்டு ஒன்றை இருட்டில் விட்டுவிட்டு அப்படி என்ன ஊர்சுற்றல்? பெரியவர்களிடம் கேட்க அவளுக்கு வாய் வராது. குழந்தையிடம் அந்தத் தொல்லை இல்லை.

"உள்ள வா. இன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் கிறிஸ்துமஸ். ஜமாய்ச்சிடலாம்."

பாப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்தது. "மரம் எங்க?"

"பண்ணிட்டாப் போச்சு."

ரத்தம் எடுக்கும் ட்யூப்கள், தேதி முடிந்தவை, ஒரு பெட்டி நிறைய இருந்தன. தாங்கிகளில் செருகி, பெரியதைக் கீழும் சிறியதை மேலுமாக அடுக்கினாள். சிவப்பு, பச்சை, ஊதா மூடிகள் பளபளத்தன. மரம் என்று சொன்னால் நம்பலாம்.

"பனி?"

"பஞ்சு இல்லாத லேப்காரி உண்டா?" ஒரு சுருள் முழுவதையும் பிய்த்துப் போர்த்தினாள்.

"கேக்?"

ரொட்டித் துண்டுகளில் ஜாம் தடவிக் கோபுரமாக்கினாள். கோபுரம் மரத்தின் பக்கம் சாய்ந்தது.

"சாயுதேக்கா."

"ஸ்டைலு. உனக்குத் தெரியாது."

"மெழுகுவத்தி வைக்கலாமா?"

அங்கேதான் சனி பிடித்தது. ஏற்றி வைத்த மெழுகுவத்தியின் கனத்தில் கோபுரம் மெல்லக் குனிந்து, மரத்துக்கு முத்தம் கொடுத்தது.

"அக்கா! பனி எரியுது!"

"பதறாதே, நான் இருக்கேன்ல!" ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வீசினாள். தீ அணைந்தது. கேக் மிதந்தது. தண்ணீர் நிதானமாகத் தரையில் ஓடி, மூலையில் தரையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தொட்டது.

டப்.

வீடு இருண்டது.

"ஃப்யூஸ்தான். அதை ஒரு நொடியில சரி பண்ணிடுவேன். அந்தத் தண்ணியில கால் வைக்காம வா." பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே, இரண்டு வீட்டுக்கும் பொதுவான நடைக்கு வந்தாள். நடையில் விளக்கு எரிந்தது. ஃப்யூஸ் பெட்டியை அவள் திறக்கவும், காற்றில் கதவு சாத்திக்கொள்ளவும் சரியாக இருந்தது. தானாகப் பூட்டிக்கொள்ளும் கதவு. சாவி உள்ளே.

அப்போது எதிர்வீட்டுக்குள் யாரோ தும்மினார்கள்.

"உள்ள யாரு?"

"பூனைக்கா."

"பூனை இப்படியா தும்மும்?"

"எங்க பூனை தும்மும்."

"அலர்ஜியா இருக்கும். டெஸ்ட் எடுக்கச் சொல்லு."

அவள் படிக்கட்டில் உட்கார்ந்தாள். நைட்டி முக்கால்வாசி நனைந்திருந்தது. தலையெல்லாம் பஞ்சு. பாப்பாவின் புது கவுனில் ஜாம்.

"சந்தோஷப்படுத்தறேன்னு கூப்பிட்டு உன் கிறிஸ்துமஸையே நாசம் பண்ணிட்டேனே பாப்பா."

"எங்க வீட்டுக்கு வாங்கக்கா."

"பெரியவங்க இல்லாத வீட்டுக்குள்ள நான் எப்படி வர்றது? வேணாம்."

"அப்ப நான் மட்டும் இருட்டுல தனியாப் போகணுமா?" பாப்பாவின் உதடு பிதுங்கியது.

அவளால் அதைத் தாங்க முடியவில்லை. எழுந்து நைட்டியைப் பிழிந்தாள். பஞ்சைத் தட்டினாள். பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தனியா விடுவேனா? வா. எதுக்கும் பயப்படாதே."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக எதிர்வீட்டு வாசற்படியை மிதித்தாள். கதவு பூட்டியிருக்கவில்லை. தள்ளினாள். உள்ளே கும்மிருட்டு. சுடச்சுடக் கேக் வாசனை.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கிழவரின் குரல் சலித்துக்கொண்டது:

"அந்தப் பொண்ணு வந்தாச்சுல்ல, இனியாவது லைட்டைப் போடுங்கடா, தனியா ஒரு குழந்தை நின்னாத்தான் அது கதவைத் திறக்கும்னு சொல்லி, மொத்தக் குடும்பத்தையும் மத்தியானத்துலேருந்து ஒளிச்சு வச்சிருக்கீங்களே!"