ஃபிட்டர் மாமாவின் மூக்கு

கல்லூரியில் வேதியியல் படித்த நான், கார் ஏசிக்குள் ஒருவர் சமையல் கேஸை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டு ஏன் வாய் திறக்காமல் நின்றேன்? போன சித்திரையிலிருந்து என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்றியவர் ஃபிட்டர் மாமா. திருப்பூரில் எங்கள் வீதியில் அவர் பிரித்துப் பார்க்காத பொருள் எதுவும் கிடையாது. சாயப்பட்டறையில் முப்பது வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை, ஸ்பேனர்கள் உண்டு. எந்த இயந்திரத்தையும் முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். எங்கள் மிக்சியை மூக்கருகே வைத்துக் கண்ணை மூடி, "காயில் கருகிப் போச்சுங் கண்ணு" என்றார். எதிர்வீட்டுக் கிரைண்டருக்கும் அதே தீர்ப்பு. பிரித்தால் பெல்ட் அறுந்திருந்தது. "அது கருகறதுக்கு முன்னாடியே நாம பாத்துட்டமுங்க" என்றார்.

என் மகளுக்கு ஒன்றரை வயது. காய்ச்சல் வந்தால் வலிப்பும் வரும். அதனால் அவள் உடம்பு லேசாகச் சுட்டாலே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவேன். கோயமுத்தூர் டாக்டரிடம் போய்த் திரும்பும் வழியில், நடு வெயிலில் கார் ஏசி நின்றுவிட்டது.

"கம்பெனியில ஷிப்மெண்ட் முடியட்டும், கடையில விடலாம்" என்றார் கணவர், வீடு வந்து இறங்கியதும்.

"அதுவரைக்கும்?"

"ஜன்னலத் தொறந்து வெச்சுக்க."

மதில் சுவருக்கு அப்பால், பக்கத்து வீட்டிலிருந்து மாமாவின் குரல்: "நான் ஒருத்தன் உசுரோட இருக்கறப்ப கடைக்குப் போறதாமா?"

மறுநாள் எங்கள் போர்டிகோவில் பழைய துணி விரித்து, காரின் முன்பாதியைக் கழற்றிப் பரப்பிவிட்டார். உள்ளே கூலிங் காயிலில் ஒழுக்கு. பட்டறையில் நீராவிக் குழாய் ஒழுகினால் என்ன செய்வார்களோ அதையே செய்தார்: பனியன் துணியைப் பசையில் நனைத்து இறுக்கிச் சுற்றினார். அப்புறம் தன் வீட்டு அடுப்பிலிருந்து சிலிண்டரைக் கழற்றி உருட்டி வந்தார்.

"மாமா, இத ஏத்தலாமுங்களா?"

"கேஸெல்லாம் ஒண்ணுதாங் கண்ணு. அடுப்புல போனாச் சூடு, பைப்புல போனாக் குளிரு."

"சரிங்க மாமா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என் குழந்தைக்காக வியர்வை சொட்டச் சொட்டக் குனிந்து கிடக்கும் பெரியவரிடம், நீங்கள் செய்வது தப்பு என்று சொல்ல நாக்கு எழவில்லை.

ஏசி சில்லென்று வந்தது. ஆனால் மாமா குழந்தையை ஏற்ற விடவில்லை. "மொதல்ல ஒரு மணி நேரம் நான் உள்ள ஒக்காந்து பாக்கோணும். ஒண்ணுன்னா எனக்கு ஆவட்டும்." கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு, தலையில் துண்டுக் கட்டோடு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அரை மணி கழித்து டீ கொண்டுபோய்க் கதவைத் திறந்தேன். கேஸ் நாற்றம் முகத்தில் அறைந்தது.

"மாமா! கேஸு! எறங்குங்க!" கையைப் பிடித்து இழுத்தேன். டீ கொட்டியது.

"எங்க கண்ணு? ஒண்ணும் வல்லியே. ஊட்டியாட்டல்ல இருக்குது!"

எனக்கு ஏதோ உறைத்தது. தள்ளி உட்காரவைத்து, வாசம் தெரிகிறதா என்று பெருங்காய டப்பாவை அவர் மூக்கருகே பிடித்தேன். இல்லை. கற்பூரம். இல்லை.

தலைத் துண்டை அவிழ்த்து மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ப்ளீச்சிங்ல, குளோரின் நெடியில பத்து வருசம் நின்னனுங்க. மூக்கு அங்கயே போயிருக்கும்."

"அப்ப மிக்சிய மோந்து பாத்தீங்களே?"

"பழக்கங் கண்ணு."

கடை மெக்கானிக் வந்து எங்களை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுக் காயிலை மாற்றினார். எங்கள் ஆபத்து அதோடு தீர்ந்தது. மாமா தன் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதைப் பார்த்தபோதுதான், அவருடைய ஆபத்து என் புத்தியில் ஏறியது. அவர் தனியாகச் சமைக்கிறவர்.

அன்றிலிருந்து தினமும் மாலை, குழம்பு கொடுக்கும் சாக்கில் அவர் சமையலறைக்குள் போய் ஒரு முறை ஆழமாக மூச்சிழுத்துவிட்டு வருகிறேன். ஒரு நாள் அடுப்புக் குமிழ் பாதி திறந்தே இருந்தது. மூடினேன், ஜன்னலைத் திறந்தேன். அவரிடம் சொன்னேனா என்றால், இல்லை.

கேஸ் கசிந்தால் கத்தும் அலாரம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் அது செய்தித்தாள் மேல் பன்னிரண்டு துண்டாகக் கிடந்தது. "சத்தம் பத்தல கண்ணு. சித்தெ ஏத்தி வெக்கலாம்னு பிரிச்சேன்."

அடுத்த மாதம் மாமியாரைக் கவனித்துக்கொள்ள நாங்கள் வெள்ளகோவிலுக்குக் குடிபோகிறோம். அங்கிருந்து தினமும் குழம்போடு வர முடியாது. பிரிக்கவே முடியாத அலாரம் எங்காவது விற்கிறார்களா? இல்லையென்றால், என் குழந்தைக்கு முன்னால் தான் போய் உட்கார்ந்த மனிதரிடம், மனம் நோகாமல் அடுப்பை விடச் சொல்வது எப்படி? தெரிந்தவர்கள் சீக்கிரம் எழுதுங்கள்.