புதன்கிழமை மட்டும் ஓடிய வண்டி

பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் மாறும்படி உரிமையாளர் தன் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவு. ஏர் ஃபில்டர் அந்தச் சான்றிதழின் எந்தக் கட்டத்திலும் இல்லை. ஆகவே சட்டம் சும்மா இருந்தது. சேரன்மகாதேவியில் சும்மா இருக்கத் தெரியாத ஒரே மனிதர் எங்கள் தெருவில் இருந்தார்.

அவரைக் காத்தண்ணாச்சி என்போம். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளை விற்கும் கடை வைத்திருக்கிறார். உறிஞ்சுகிற வாய் அகலமாக இருந்தால் உலகத்தில் எல்லாம் நன்றாக நடக்கும் என்பது பம்புகளோடு பழகி அவர் கண்ட தத்துவம். இந்தத் தத்துவத்தால் அவர் வீட்டு ஜன்னல்கள் இரண்டு முறை இடித்துப் பெரிதாக்கப்பட்டன. மூன்றாவதாக மாட்டியது அவருடைய பழைய மோட்டார் சைக்கிள்.

அது கார்புரேட்டர் வைத்த வண்டி. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை போலும். ஒருநாள் இருக்கைக்கு அடியில் ஏர் ஃபில்டர் இருந்த கறுப்புப் பெட்டியைக் கழற்றி எடுத்துவிட்டு, ஆன்லைனில் வாங்கிய சிவப்புக் கூம்பு ஃபில்டர் ஒன்றை அந்த இடத்தில் மாட்டினார். பெட்டியில் கடையின் ஸ்க்ரூ டிரைவர்கள் குடியேறின.

நான் போக்குவரத்து அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கேட்காமல் இருக்க முடியுமா?

"அண்ணாச்சி, பெட்டிக்குள்ள இருக்க ஃபில்டர மட்டும் மாத்தினா பெரும்பாலும் ஒண்ணும் செய்ய வேண்டாம். பெட்டியையே எடுத்துட்டீரு. இனி காத்து கூடுதலா வரும். கார்புரேட்டர்ல பெட்ரோல் விடுத ஜெட்ட மாத்தி டியூனிங் பண்ணணும்லா?"

"என்ன வே பேசுதீரு? மூச்சு நல்லா விடுதான்னு ஒருத்தன டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போவாங்களா?"

"அப்படின்னா கூம்பு செஞ்ச கம்பெனிக்கு எழுதிக் கேளும். வாயால வார பதில் பதிலே இல்ல."

இந்த ஒரு யோசனையை மட்டும் அவர் தட்டாமல் ஏற்றுக்கொண்டார். அன்றே மின்னஞ்சல் அனுப்பினார். அதன் பிறகு யார் டியூனிங் என்று வாயெடுத்தாலும், "பதில் வரட்டும் வே" என்று நெஞ்சை நிமிர்த்தினார். அரசு ஊழியத்தில் எத்தனையோ கோப்புகளை இந்தச் சொல்லைக் கொண்டு உறங்க வைத்தவன் நான். அது ஒரு மோட்டார் சைக்கிளுக்கும் செல்லும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கூம்போடு வந்த தாளில், கழுவிக் காயவைத்து அதற்குரிய எண்ணெயைச் சிறிதளவு இட வேண்டும் என்று இருந்தது. 'அதற்குரிய', 'சிறிதளவு' என்ற இரண்டையும் அண்ணாச்சி அச்சுப்பிழையாகக் கருதினார் என்றுதான் நினைக்கிறேன். அவர் சனிக்கிழமை தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளிப்பவர். மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைத் தன் உச்சியில் வைத்துத் தட்டுவார். மீதியைக் கூம்புக்குத் தேய்ப்பார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெயிலில் ஊறுவார்கள். பிறகு இருவருக்கும் சீயக்காய், இருவருக்கும் வெந்நீர். கூம்புக்கு மட்டும் குளித்த பிறகு இன்னொரு கை எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை வண்டி கரும்புகை கக்கிக்கொண்டு தெருவைக் கடக்கும்போது, யார் வீட்டிலோ தோசை சுடுகிறார்கள் என்று எல்லா வீடுகளும் ஒன்றையொன்று சந்தேகித்தன.

விந்தை என்னவென்றால், புதன்கிழமை அந்த வண்டி அருமையாக ஓடியது. அதைப் பார்த்து நானே என் கட்சியைச் சந்தேகித்தது உண்டு. வெள்ளிக்கிழமை ஆனால் இன்ஜின் கொதிக்கும், வேகத்தைக் குறைத்தால் புகைக்குழாய் வெடிக்கும்.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. அண்ணாச்சியின் மனைவி பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து அவரைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவது அண்ணாச்சிதான். பகல் முழுக்கக் கடையில் இவர், பள்ளியில் அவர். கால்வாய்க் கரையில் போகும் அந்தக் கொஞ்ச தூரம்தான் இருவரும் வேறு யாரும் குறுக்கிடாமல் பேசிக்கொள்கிற நேரம். அன்று கன்னடியன் கால்வாய்ப் பாலத்தருகே, அறுவடையான வயலில் மேய விடுவதற்காக ஒருவர் வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வந்தார். அண்ணாச்சி மரியாதையாக வேகத்தைக் குறைத்தார். வண்டி வெடித்தது. வாத்துகள் நாலு திசையிலும் சிதறின.

"எலே, வெடிய வச்சுட்டு வண்டின்னா சொல்லுத? எறங்குலே! புடிச்சுக் குடுத்துட்டுப் போ!" என்றார் வாத்துக்காரர்.

டீச்சரும் சேற்றில் இறங்கி வாத்து பிடித்தார். சைக்கிளில் வந்த அவருடைய மாணவர்கள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

மறுவாரத்திலிருந்து டீச்சர் பேருந்தில் போனார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. தினமும் காலையில் அண்ணாச்சி வண்டியைக் கிளப்பி வைத்துக்கொண்டு, "டீச்சர், ஏறுதியா?" என்று கேட்பார். டீச்சர் குடையை எடுத்துக்கொண்டு பதில் சொல்லாமல் நடப்பார். நல்ல புதன்கிழமையிலும் அப்படித்தான். அண்ணாச்சி பின்இருக்கையைத் துடைத்துவிட்டுத் தனியாகக் கடைக்குப் போவார். அந்த நாட்களில் அவர் ஜன்னலைப் பற்றிக்கூடப் பேசவில்லை. ஓடுகிற ஒன்றை மேம்படுத்தப் போகிறவன், அது இதுவரை எதையெல்லாம் சுமந்து ஓடியது என்று பார்த்துக்கொள்வதில்லை.

பொறுக்க முடியாமல் ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"கம்பெனி பதில் வந்துச்சா அண்ணாச்சி?"

"வரும் வே."

டீச்சர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "சனி, ஞாயிறு எண்ணெய் அடைச்சு வண்டிக்கு மூச்சு முட்டுது. அதான் புகை. புதன்கிழமைக்குள்ள எண்ணெய் பாதி போயி, பழைய பெட்டி விட்ட அளவுக்குத்தான் காத்து வருது. அதான் ஒழுங்கா ஓடுது. வெள்ளிக்கிழமை எண்ணெய் சுத்தமா போயிருது. காத்து கூடிருது, பெட்ரோல் பழைய அளவுதான் வருது. இத சொல்லுததுக்குக் கம்பெனி எதுக்கு?"

"இத நீ மொதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

"நீங்க கம்பெனியத்தான கேட்டீங்க? என்னயவா கேட்டீங்க?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இதற்கு எந்த விதியிலும் இடமில்லை என்பதால் நான் கூரையைப் பார்த்தேன்.

மறுநாள் அவர் கடையைத் திறக்கவில்லை. வண்டியை வண்ணார்பேட்டை மெக்கானிக் பட்டறைக்கு ஓட்டிப் போனார். கார்புரேட்டரில் பெரிய ஜெட் போட்டு, டியூனிங் செய்து, கூம்புக்கு உரிய எண்ணெயை உரிய அளவில் இட்டுக்கொண்டு வந்தார். சனிக்கிழமை தனியாகத்தான் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். "ஒரு மாதிரியா இருக்கு வே" என்றார். ஞாயிறு புகை வரவில்லை. புதன் நன்றாக ஓடியது. டீச்சர் அப்போதும் பேருந்தில்தான் போனார்.

வெள்ளிக்கிழமை காலை நான் வாசலில் செய்தித்தாளோடு நின்றேன். படிக்கவில்லை.

"டீச்சர், ஏறுதியா?"

டீச்சர் புகைக்குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். குடையை மடக்கிப் பைக்குள் வைத்தார். "பைய போங்க. வாத்து வரும்" என்று ஏறிக்கொண்டார்.

வண்டி போன பிறகு தெருவில் எந்த வாசனையும் இல்லை. கால்வாய்த் திருப்பத்தில் வேகம் குறையும் சத்தம் கேட்கும் வரை காதைக் கொடுத்து நின்றேன். வெடிக்கவில்லை. அதன் பிறகுதான் செய்தித்தாளை விரித்தேன். இன்றும் அந்தச் சத்தம் போய்ச் சேரும் வரை எனக்கு ஒரு வரியும் ஓடுவதில்லை.

கம்பெனி இன்னும் எழுதவில்லை. அண்ணாச்சியும் கேட்பதை விட்டுவிட்டார். ஆனால் இந்த ஒரு கோப்பாவது முடியட்டும் என்று நான் குறித்து வைக்கிறேன்: பதில் வந்த நாள், டீச்சர் ஏறிய அந்த வெள்ளிக்கிழமை.