பூசணிக்காய்களுக்குப் பத்துப் பொருத்தம்

சங்கரன்கோவிலில் ஜாதகத்துக்கு வயதாகிவிட்டது. இப்போது மூளைப் பொருத்தம்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் கல்யாண மண்டபத்தில் ‘நியூரோ சக்கரவர்த்தி’ மாரிராஜ் வந்து இறங்கி எட்டு நாள் ஆகிறது. சிவகிரி, ராயகிரியிலிருந்தெல்லாம் பெண்ணையும் மாப்பிள்ளையையும் வேனில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். வாசலில் ‘முழுக்க முழுக்க விஞ்ஞானம்’ என்று ஃபிளெக்ஸ். அதற்கு இரு பக்கமும் திருஷ்டிப் பூசணிக்காய். விஞ்ஞானத்துக்கும் கண் படுமாம்!

உள்ளே இரண்டு நாற்காலி, ஒயர் தொங்கும் இரண்டு தொப்பி, ஒரு பெரிய டிவி. ஈரப்பசை தடவித் தொப்பியை மாட்டினால் டிவியில் தலைக்கு ஒரு கோடு நெளியும்.

“மூளையில எந்தெந்தப் பகுதி ஒண்ணுபோல ஏறி இறங்குதோ, அதுக்குள்ள தொடர்பு இருக்குன்னு பெரிய ஆஸ்பத்திரில ஸ்கேன் எடுத்துக் கணக்குப் போடுதாங்க. அதே கணக்க நான் ரெண்டு மூளைக்குப் போடுதேன்!” என்றார் மாரிராஜ்.

முதல் பாதி உண்மை. உண்மைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால்தானே பொய்க்கு மரியாதை! கூட்டம் கைதட்டியது.

விசைத்தறி ஓட்டும் முத்துமாரிக்கும் லோடு ஆட்டோ ஓட்டும் வீரபாண்டிக்கும் அடுத்த வெள்ளி நிச்சயதார்த்தம். இரண்டு வருடம் காதலித்து, அழுது வாங்கிய சம்மதம். “சும்மா ஒரு தடவ பாத்துருவோம்” என்று பெண்ணின் அம்மா கனகலட்சுமி இருவரையும் இழுத்து வந்துவிட்டாள்.

கோடுகள் ஆளுக்கொரு பக்கம் போயின. டிவியில் விழுந்த பொருத்தம், பத்துக்கு ஒன்று.

“ஆறு மாசம் தாங்காது” என்றார் மாரிராஜ். “நரம்புப் பரிகாரம் இருக்கு. இருபத்தஞ்சாயிரம்.”

“அவ்வளவு ரூவாய்க்கு நான் எங்க போவேன்? ஏட்டி, எந்திரி. இந்தச் சம்பந்தமே வேண்டாம்” என்றாள் கனகலட்சுமி.

முத்துமாரி எழுந்தாள், ஆனால் போகவில்லை. அடுத்து, பரிகாரம் முடித்த ஒரு ஜோடி உட்கார்ந்தது. மாரிராஜ் குனிந்து கும்பிட்டார். கும்பிட்ட கையோடு, இன்வெர்ட்டரில் இருந்த ஒரு தொப்பியின் பிளக்கைப் பிடுங்கி, இன்னொரு தொப்பி இருந்த சுவிட்ச் போர்டிலேயே சொருகினார். இரண்டு கோடும் சேர்ந்தே நெளிந்தன. பத்துக்குப் பத்து!

மேலே டியூப் லைட் மங்கும்போதெல்லாம் கோடுகளும் இறங்கின. பக்கத்துத் தெருவில் தறி ஓடத் தொடங்கினால் வோல்டேஜ் இறங்கும் என்று தறிக்காரிக்குத் தெரியாதா?

வாசலுக்குப் போனாள். இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பூசணிக்காயோடு திரும்பினாள்.

“அண்ணாச்சி, இதுகளுக்கும் பொருத்தம் பாருங்க.”

“வெளையாடுதியா?”

“மாட்டித்தான் பாரும்வே!” என்றது கூட்டம். ஓசியில் வேடிக்கை என்றால் நம் ஜனங்கள் யார் பக்கமும் நிற்பார்கள். வீரபாண்டியே பசை தடவித் தொப்பிகளை மாட்டினான். பத்துக்குப் பத்து! முத்துமாரி ஒரு பிளக்கை இன்வெர்ட்டருக்கு மாற்றினாள். பத்துக்கு ஒன்று. பூசணிக்காய்களுக்கு விவாகரத்து ஆகிவிட்டது.

“எங்க ஷெட்டுல பதினாறு தறி. கரண்டு போனா பதினாறும் ஒண்ணாத்தான் நிக்கும். அதுக்காக ஒரு தறி இன்னொரு தறிகிட்ட சொல்லிட்டு நின்னுச்சுன்னா அர்த்தம்?”

மெய்யான விஞ்ஞானி, வெளியிலிருந்து வரும் இந்த ஆட்டத்தைக் கழித்துவிட்டுத்தான் தொடர்பைத் தேடுவார். நம்மவர் கழித்தது ஜனங்களின் பணப்பையை மட்டும்.

“பூசணிக்கும் நுண்ணறிவு உண்டும்மா” என்று மாரிராஜ் கடைசியாக ஒரு பிட்டுப் போட்டார்.

“அப்போ பரிகாரம் எந்தக் காய்க்கு?” என்றான் வீரபாண்டி.

பரிகாரம் முடித்த ஜோடி மாரிராஜின் சட்டையைப் பிடித்தது. கனகலட்சுமி தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு, “மாப்ள, வண்டிய எடுங்க. வெள்ளிக்கெழமைக்குப் பந்தல்காரரப் பாக்கணும்” என்றாள். முத்துமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

வாசலில் ஒருவர் டோக்கனோடு இன்னும் வரிசையில் நின்றார். “அப்போ எனக்கு எப்பம்மா தொப்பி மாட்டுவாங்க?”

முத்துமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“தொப்பிக்குக் கீழ ஒண்ணு இருக்குல்லா அண்ணாச்சி, அத ஓட்டிப் பாருங்க. அதுக்கு பிளக்கே வேண்டாம்.”