எக்ஸ்கிளேவுக்கு விசா

ஒரே மாதிரி ஒலிக்கும் இரண்டு சொற்களை நம்பி யாரும் வேலை தேடிக் கிளம்பக் கூடாது. நான் கிளம்பினேன். தொண்ணூறுகளின் நடுவில், மைசூர் விஜயநகரில் இருந்த ஒரு தனியார் பள்ளிக்கு, சமூக அறிவியல் ஆசிரியை வேலைக்கு.

அதற்கு முன்பு போன பள்ளிகளில் எல்லாம் "சொல்லி அனுப்புறோம்" என்று சொல்லியே அனுப்பிவிட்டார்கள். ஆலையில் அப்பாவுக்கு ஓய்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா நர்ஸ். ஊசி போடும்போது பேசுகிற அதே இதமான குரலில் அன்று காலை சொன்னார்: "ஸ்டெல்லா, இதுவும் கெடைக்கலன்னா அத்தை சொன்ன மாப்பிள்ளையப் பாத்துடலாம்மா." (அந்த மாப்பிள்ளை கோழிப்பண்ணை வைத்திருந்தார். எனக்குக் கோழி என்றால் பயம்.)

போனதும் ஒன்பதாம் வகுப்பில் ஒரு மாதிரிப் பாடம் நடத்தச் சொன்னார்கள். தாய்நாட்டோடு ஒட்டாமல் தனியே கிடக்கும் நிலப்பகுதிகள் பற்றிய பாடம். கடைசி பெஞ்சில் தாளாளரும் தலைமையாசிரியையும் உட்கார்ந்திருந்தார்கள். (பாடம் நடந்தது ஆங்கிலத்திலும் கன்னடத்திலும். இங்கே தமிழில் சொல்லிவிடுகிறேன்.)

"காரைக்கால் புதுச்சேரியோடது. ஆனா ரெண்டுக்கும் நடுவுல தமிழ்நாடு இருக்கு. பஸ்ஸுல போனா தமிழ்நாட்டைத் தாண்டித்தான் போகணும். ஒரு நாட்டுக்கு இந்த மாதிரி தனியா ஒரு துண்டு இருந்தா அதுக்குப் பேரு எக்ஸ்கிளேவ்."

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். அலாஸ்காவைச் சொன்னேன். ஜன்னலோரப் பெண் கொட்டாவி விட்டாள். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். என் கண் முன்னால் ஒரு கோழி நடந்து போனது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. செய்து பார்த்துக் கற்பதே சிறந்தது என்று பி.எட். படிக்கும்போது சொல்லிக்கொடுத்திருந்தார்களே!

"இந்த கிளாஸ் ஒரு நாடு. பக்கத்து கிளாஸ் இன்னொரு நாடு. நீங்க மூணு பேரும் போய் அங்க நட்ட நடுவுல உக்காருங்க!"

முதல் பெஞ்சு மூன்று பெண்களும் சிறையிலிருந்து விடுதலை ஆனவர்களைப் போல ஓடினார்கள். பக்கத்து வகுப்பில் பாடம் நடந்துகொண்டிருக்குமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. நடுவில் இருந்தது கூரை வரை எட்டாத அரைச் சுவர். அந்தப் பக்கம் பெஞ்சு இழுபடும் சத்தம், பிறகு ஒரு பெண் குரல்.

"ஏன்ரீ இது! (என்னங்க இது!) யாரு நீங்கள்லாம்?"

"மிஸ், நாங்க எக்ஸ்கிளேவ் மிஸ்!"

இரண்டு வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அது கணித ஆசிரியை சசிகலாவின் வகுப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தப் பள்ளியில் தாளாளரே அவரைக் கண்டால் எழுந்து நிற்பார் என்பதும்.

சிரிப்பு அடங்குவதற்குள் ஒருத்தி கை தூக்கினாள். "மிஸ், புத்தகத்துல என்கிளேவ்னும் ஒண்ணு போட்டிருக்கே? அவங்க மூணு பேரும் எக்ஸ்கிளேவா, என்கிளேவா?"

காலையில்கூடப் படித்ததுதான். ஆனால் அந்த நொடியில் இரண்டு சொற்களும் என் தலைக்குள் இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்தன. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நானோ நீதிபதி மாதிரி தீர்ப்பு சொன்னேன்: "ஒண்ணா இருந்தா இன்னொண்ணா இருக்கவே முடியாது!"

தலைமையாசிரியையின் புருவம் உயர்ந்தது. நான் பலகைப் பக்கம் திரும்பி 'எக்ஸ்கிளேவ்' என்று எழுதினேன். சந்தேகம் வந்தது. 'எக்ஸ்'ஸை அழித்து 'என்' போட்டேன். அதையும் அழித்தேன். டஸ்டர் கண்ணில் படவில்லை, முந்தானையால்தான் அழித்தேன். (அம்மாவின் கல்யாண நாள் புடவை.) கடைசியில் பலகையில் மிஞ்சியது 'கிளேவ்' மட்டும்தான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் வந்து நின்றார் சசிகலா மேடம். பின்னால் என் மூன்று பெண்கள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கோழிப்பண்ணைதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அவர் வகுப்பைப் பார்த்துப் பேசினார். "இவங்க உங்க நாட்டுலேருந்து பிரிஞ்சு வந்த துண்டு. அதனால உங்களுக்கு எக்ஸ்கிளேவ். ஆனா இவங்களைச் சுத்தி முழுக்க என் பிள்ளைங்க. அதனால எங்களுக்கு என்கிளேவ். துண்டு ஒண்ணுதான், எந்தப் பக்கம் நின்னு பாக்கறீங்கங்கறதுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் உங்க மிஸ் இவங்களை அனுப்பினாங்க. அதுக்குள்ள நான் குறுக்கே வந்துட்டேன்."

எனக்கே தெரியாத என் திட்டத்தைக் கேட்டு நான் வாய் பிளந்து நின்றேன்.

"ஆனா என் நாட்டுக்குள்ள ஆளுங்களை அனுப்பியிருக்கீங்க," என்று என் பக்கம் திரும்பினார். "வீசா இதியா?" (விசா இருக்கா?)

நான் முழுப் பணிவோடு, "ஃபோட்டோ எத்தனை வேணும் மேடம்?" என்றேன்.

தாளாளர் பெஞ்சில் தலை கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த திங்கள்கிழமையே வந்து சேரச் சொன்னார்கள்.

வராந்தாவில் மேடத்தைத் தேடிப் பிடித்தேன். "எதுக்கு மேடம் எனக்காகப் பொய் சொன்னீங்க?"

"அரைச் சுவர்தானே, உன் பாடத்தை என் கிளாஸ் முழுக்க கேட்டுட்டிருந்துச்சு. காரைக்கால் வரைக்கும் நல்லாத்தான் போச்சு. ஒரு வார்த்தைக்காக ஒரு வேலை போகணுமா? போ, முதல்ல முந்தானையைத் தட்டு."

அவர் சரியான விடையை மட்டும் சொல்லியிருந்தால் அன்று எல்லார் முன்னாலும் நான் சிறுத்துப் போயிருப்பேன். அவர் விடையையும் சொல்லி அதை என்னுடையதாகவும் ஆக்கிவிட்டுப் போனார். இத்தனை வருடம் வகுப்பறையில் நின்றதில் அதைவிடப் பெரிய உதவியை நான் யாரிடமும் பெற்றதில்லை.

இப்போது அவருக்கு முழங்கால் வலி. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் மெல்ல நடந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். என் கணவர் (கோழிகளோடு தொடர்பில்லாதவர்) கதவைப் பாதி மட்டும் திறந்து, கையைக் குறுக்கே நீட்டி, "வீசா இதியா?" என்பார். மேடம் பையிலிருந்து டப்பாவை எடுத்து, வளையம் போல வட்டமான ஒரு கோடுபளே முறுக்கை அவர் வாயில் திணிப்பார்.

"முத்திரை போட்டாச்சு. தள்ளுங்க, கால் வலிக்குது."