கொழுந்து லொறியில் வந்த மின்சாரக் கார்

என் சகலை பெனடிக்ட் எதை வாங்கினாலும் கடைக்காரர் கையோடு இரண்டு பில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று அவருக்கு. மற்றது, ஒரு மாதத்துக்குள் அதே கடையில் வந்து நிற்கப்போகிற எனக்கு. பெரிய டி.வி., சுடுதண்ணீர் வரும் குழாய், காலையில் நடப்பதற்கென்றே செய்த சப்பாத்து (நான் நடப்பதில்லை, சப்பாத்து இருக்கிறது) எல்லாம் இப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

பெனடிக்ட் என் மனைவி ரெஜினாவின் அக்கா ஸ்டெல்லாவின் கணவர். பண்டாரவளையில் வீடு. அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கர், அதாவது ஃபெக்டரிக்குள் வருகிற கொழுந்து தேயிலையாகி வெளியே போகும்வரை அதற்குப் பொறுப்பான ஆள். நான் பதுளையில் புவியியல் ஆசிரியர். அவரிடம் உள்ள பெரிய குறை, அவரிடம் குறையே இல்லை என்பதுதான். கொஞ்சம் தலைக்கனம் இருந்திருந்தால்கூட நான் நிம்மதியாக வெறுத்திருப்பேன். அவரோ எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நல்ல தேயிலையாகப் பார்த்து ஒரு பொட்டலம் கொண்டு வருவார். என் பிள்ளைகள் அவர் மடியிலிருந்து இறங்க மாட்டார்கள். (மனதுக்குள் நான் ‘அவன்’ என்றுதான் சொல்லிக்கொள்வது. இதை ரெஜினா வாசிப்பாள் என்பதால் ‘அவர்’.)

அவர் வெள்ளை நிறத்தில் ஒரு மின்சாரக் கார் வாங்கினார். நானும் போனேன். அதே மாடல். ஆனால் வெள்ளை முடிந்துவிட்டது. பச்சை மட்டும்தான் இருந்தது. இளம் பச்சை. விற்பனைப் பையன் அதற்கு என்னவோ நாகரிகமான பெயர் சொன்னான். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் ரெஜினா சுற்றிப் பார்த்துவிட்டு, “கொழுந்து கலருங்க” என்றாள். அந்தப் பெயர்தான் நிலைத்தது.

முதல் சேர்விஸ் வந்தது. தவறவிட்டால் உத்தரவாதம் கிடையாது என்று கம்பெனிக்காரர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சேர்விஸ் சென்டர் பண்டாரவளையில். பெனடிக்ட் எனக்கும் சேர்த்தே நேரம் பதிந்துவிட்டு போன் பண்ணினார்.

“சகலை, சனிக்கிழமை காலைல ரெண்டு வண்டியையும் ஒண்ணா விட்டுருவோம். முடிஞ்சதும் எங்க வீட்டுலயே சாப்பாடு. ஸ்டெல்லா மீன் வாங்குறா.”

பாருங்கள், எவ்வளவு அன்பு! எனக்கு எரிந்துகொண்டு வந்தது. அதோடு விட்டாரா? “போன கிழமை பதுளைக்கு வந்தேன்ல, பேட்டரியில ரெண்டே பர்சன்ட்தான் செலவு. நம்பவே முடியல சகலை” என்று சந்தோஷமாகச் சொல்லி வைத்தார்.

இரண்டு பர்சன்ட்! அன்று முழுக்க அந்த இரண்டு என் காதில் ரீங்காரமிட்டது. அவருடைய கார் இரண்டில் ஓடினால் என்னுடையது ஒன்றரையிலாவது ஓட வேண்டாமா? பந்தயத்துக்குத் தயாரானேன். புதன்கிழமை மாலை ஒரு வேலையாகப் பண்டாரவளைக்குப் போய்த் திரும்பியதிலிருந்து காரை சார்ஜில் போடவில்லை. சனிக்கிழமை அவர் முன்னால் போய் இறங்கி, ‘புதன்கிழமையிலிருந்து சார்ஜ் போடவே இல்லை சகலை, அப்படியும் மிச்சமிருக்கு’ என்று அலட்சியமாகச் சொல்ல வேண்டும். கண்ணாடி முன் நின்று ஒரு தடவை சொல்லியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளி இரவு ரெஜினா கேட்டாள். “ஏங்க, வண்டிக்கு கரண்டு போடலையா?”

“தேவையில்ல. இன்னும் எழுபது கிலோமீட்டர் ஓடும்னு காட்டுது. பண்டாரவளை முப்பதுதானே.”

“அது சரி. போட்டா என்ன, கரண்டு கடிச்சிருமா?”

“உனக்கு இதெல்லாம் விளங்காது.”

(அந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்திருங்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை. ரெஜினா வைத்திருக்கிறாள்.)

சனிக்கிழமை காலை கிளம்பினோம். ஹாலி-எல தாண்டும்வரை எல்லாம் சுகம். தெமோதரைப் பக்கம் ஏற ஆரம்பித்ததும் திரையிலிருந்த எழுபது, அறுபது என்றும் நாற்பது என்றும் படியிறங்கத் தொடங்கியது. ஒரு வளைவுக்குள் நுழையும்போது முப்பத்தைந்து. வெளியே வரும்போது இருபத்தெட்டு. நான் ஏ.சி.யை நிறுத்தினேன். பாட்டை நிறுத்தினேன். ரெஜினாவைப் பேச வேண்டாம் என்றேன்.

“நான் பேசினா கரண்டு கொறையுமா?”

முன்னால் சாய்ந்து உட்கார்ந்தேன். அதனால் காருக்குக் கொஞ்சம் உதவி கிடைக்கும் என்று ஒரு நம்பிக்கை. கும்பல்வெல சந்திக்கு முன்னால் ஒரு மேட்டில் திரையில் ஆமைப் படம் ஒன்று தோன்றியது. பின்னால் வந்த முச்சக்கரவண்டிகள் முந்திப் போயின. தலையில் விறகுக்கட்டோடு நடந்து போன ஒரு அக்கா முந்திப் போனார். பிறகு ஆமையும் மறைந்தது. கார் ஒரு பெருமூச்சுகூட விடாமல் நின்றது.

சேர்விஸ் சென்டருக்கு போன் பண்ணினேன். இழுத்து வருகிற லொறி மொனராகலைக்குப் போயிருக்கிறது, பின்னேரம்தான் திரும்பும் என்றார்கள். இவ்வகைக் கார்களைச் சும்மா கயிறு கட்டி இழுக்கக் கூடாது, பழுதாகிவிடும் என்று எச்சரித்தும் வைத்தார்கள். சார்ஜர் வயர் வீட்டுச் சுவரில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

“அத்தானைக் கூப்பிடுவோமா?” என்றாள் ரெஜினா.

“உயிர் போனாலும் கூப்பிடக் கூடாது.”

“உங்க உயிரா, வண்டி உயிரா? வண்டிக்குப் போயிருச்சு.”

அப்போதுதான் கொஞ்சம் கீழே, வீதியோரம், கொழுந்து நிறுக்கும் மடுவத்தைக் கண்டேன். காலைக் கொழுந்தோடு பெண்கள் கூடியிருந்தார்கள். சிமெந்துத் திண்டை ஒட்டிக் கொழுந்து லொறி ஒன்று நின்றது. திண்டும் லொறியின் தட்டும் ஒரே உயரம். புவியியல் ஆசிரியருக்கு உயரம் என்றால் உடனே கண்ணில் படும் அல்லவா? ஓடிப்போய் டிரைவர் தியாகுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்.

“ஏத்தலாங்க மாஸ்டர். சின்ன வண்டிதானே. நாங்களும் பண்டாரவளையைத் தாண்டித்தான் ஃபெக்டரிக்குப் போறோம். ஆனா டீமேக்கர் ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும்.”

“எந்த டீமேக்கர்?” என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்.

“ஐயா, தியாகு பேசுறேங்க. மடுவத்துக்கிட்ட ஒரு கரண்டு காரு செத்துப்போய் நிக்குதுங்க. நம்ம லொறியில ஏத்திக்கிட்டு வரட்டுங்களா? பாவமா இருக்கு.”

“என்ன கலரு?” என்றது எனக்கு மிகவும் பழக்கமான குரல்.

“பச்சைங்க. நம்ம கொழுந்து மாதிரியே.”

“கண்ணாடி போட்ட ஒருத்தர் நிக்கிறாரா?”

“ஆமாங்க. மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு. பக்கத்துல ஒரு அம்மா சிரிச்சுக்கிட்டு நிக்குறாங்க.”

“அது என் சகலை, தியாகு. பத்திரமா ஏத்து. நேரா சேர்விஸ் சென்டருக்கு வா. கார இறக்கிட்டு அப்புறம் கொழுந்தை ஃபெக்டரிக்குக் கொண்டு போகலாம்.”

நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். விழுங்கவில்லை.

பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்தார்கள். ஏற மாட்டேன் என்று அடம்பிடித்த கார், கீழே இறங்கு என்றதும் மடுவம்வரை உற்சாகமாக உருண்டது. பிறகு எல்லோருமாகத் திண்டின் பின்பக்கச் சரிவு வழியாக மேலேற்றி லொறிக்குள் தள்ளினார்கள். “மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருக்கு. காலுதான் வரல” என்றார் ஒருவர். டயருக்கு முன்னும் பின்னும் கல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள். இனி கொழுந்து மூட்டைகளுக்கு லொறியில் இடம் போதாது. தியாகு கொஞ்சமும் தயங்காமல் என் காரின் பின்கதவைத் திறந்து, சீட் முழுக்க மூட்டைகளை அடுக்கினார். ரெஜினா டிரைவருக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். எனக்கு இடமில்லை.

“மாஸ்டர், நீங்க உங்க வண்டியிலயே உக்காருங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா நல்லது.”

இப்படியாக, லொறியின் மேல் கார், காருக்குள் நான், எனக்குப் பின்னால் கொழுந்து என்று ஊர்வலம் புறப்பட்டது. கும்பல்வெல சந்தியில் எல்லவுக்குப் போகும் வெள்ளைக்கார உல்லாசப் பயணிகள் படம் எடுத்தார்கள். ஒரு பஸ் எங்களுக்குச் சமமாக வந்தது. ஜன்னலிலிருந்து, “சேர்! டேய், நம்ம ஜியோகிரபி சேர்டா!” என்று ஒரு கூச்சல். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வளைவுகளில் திருப்புவது போல் பாவனை செய்தேன். அதுதான் நிலைமையை இன்னும் மோசமாக்கியது என்று திங்கட்கிழமை தெரிந்தது.

அந்த உயரத்தில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தபோதுதான், கீழே, வெகு கீழே, பதுளைப் பள்ளத்தாக்கு தெரிந்தது. திடீரென்று மூளையில் விளக்கெரிந்தது. பெனடிக்ட் வந்தது பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு. இறங்கி வந்தார். இறங்கினால் இரண்டு பர்சன்ட் என்ன, ஒன்றுமே செலவாகாமலும் வரலாம். என் காரும் புதன்கிழமை இறங்கி வந்த தெம்பில்தான் எழுபது என்று கணக்குப் போட்டிருக்கிறது. நான் போனது ஏற்றம். ஊவா மாகாணத்தின் சமவுயரக் கோடுகளைக் கரும்பலகையில் வருடக்கணக்காக வரைந்து, பிழையாக வரைந்த பிள்ளைகளை வெயிலில் நிறுத்திய நான், நடுவில் ஒரு மலை இருப்பதை மறந்துவிட்டேன்.

சேர்விஸ் சென்டர் வாசலில் காவலாளி கையை நீட்டி மறித்தார். கொழுந்து ஃபெக்டரி இங்கே இல்லை, நேரே போங்கள் என்று சிங்களத்தில் வழி சொன்னார். நான் காருக்குள்ளிருந்து கையசைத்த பிறகுதான் பயந்துபோய்க் கதவைத் திறந்தார்.

உள்ளே பெனடிக்ட் நின்றிருந்தார். அவருடைய கார் சேர்விஸ் முடிந்து, கழுவித் துடைத்து, முத்துப் போல மின்னியது. என்னைப் பார்த்து அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு ஒரு பதிலும் தயாராக வைத்திருந்தேன். சிரிக்கவில்லை. “வெயில்ல வந்திருக்கீங்க சகலை, மொதல்ல தண்ணி குடிங்க” என்றார். தயாரித்த பதில் வீணாயிற்று.

வரவேற்பு மேசைப் பெண் வழக்கமான கேள்வியைக் கேட்டாள். “வண்டியில ஏதாவது குறை இருக்கா சேர்?”

“வண்டியில இல்லம்மா” என்றாள் ரெஜினா.

அதற்குப் பிறகுதான் உண்மையான சிக்கல். காரை இறக்க அங்கே திண்டு இல்லை. மொனராகலைக்குப் போன லொறி வந்தால்தான் இறக்கலாம். அதுவரை கொழுந்து லொறி நகர முடியாது. கொழுந்தோ மூட்டைக்குள் அடைத்து வைத்தால் சூடேறிச் சிவந்துவிடும். காலையிலிருந்து பறித்த அத்தனையும் குப்பை. தியாகுவின் முகம் மாறிவிட்டது. பறித்தவர்கள் அதே கையால்தான் என் காரையும் தள்ளியிருந்தார்கள். முதன்முறையாக எனக்குப் பொறாமை வரவில்லை.

பெனடிக்ட் லொறிமேல் ஏறி ஒரு மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தார். “சூடு புடிக்க ஆரம்பிச்சிருச்சு” என்றார். இறங்கி வந்து, தன்னுடைய பளபளக்கும் வெள்ளைக் காரின் நான்கு கதவுகளையும் திறந்தார்.

“தியாகு, எல்லாத்தையும் இதுல போடு.”

“ஐயா, சீட்டெல்லாம் கறையாயிருங்க. கொழுந்து ஈரம்.”

“சீட்டைக் கழுவலாம். கொழுந்தைக் கழுவ முடியுமா? போடுடா.”

நானும் மூட்டை தூக்கினேன். இரண்டு தடவை ஃபெக்டரிக்குப் போய் வந்தோம். ஈரக் கொழுந்தின் பச்சை அந்த வெள்ளை சீட்டில் இறங்குவதை நான் பார்த்தேன். அவர் பார்க்கவே இல்லை. எவ்வளவு பெரிய மனது என்று நெஞ்சு உருகியது. உருகிய அதே நெஞ்சுக்குள், ‘ஒரே மாடல்தானே, அவருடைய காரில் மட்டும் எப்படி ஒரு மூட்டை கூடுதலாகப் பிடிக்கிறது?’ என்று ஒரு குரல் கேட்டது. என்ன செய்ய? பிறவிக் குணம்.

கொழுந்து தப்பியது. பின்னேரம் லொறி வந்து காரை இறக்கியது. சேர்விஸும் முடிந்தது. மீன் குழம்பை ராத்திரிச் சாப்பாடாகச் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடியும்வரை பெனடிக்ட் மீனைப் பற்றி மட்டும்தான் பேசினார். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர், “சகலை, தியாகு போன் பண்ணினான்ல, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குன்னான்ல...” என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. நால்வரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நத்தாரோ, ஞானஸ்நானமோ, பிறந்தநாளோ, சாப்பாடு முடிந்ததும் யாராவது பெனடிக்டிடம், “அந்தக் கொழுந்து லொறிக் கதையைச் சொல்லுங்க” என்பார்கள். அவர் சொல்வார். பஸ் ஹோர்ன் சத்தத்தை வாயாலேயே போடுவார். நான் ஸ்டியரிங்கைத் திருப்பியதை நடித்துக் காட்டுவார். அவர் அப்போது அங்கே இல்லவே இல்லை! ஆனாலும் கண்ணால் கண்டது போல் சொல்வார். சபை உருண்டு புரண்டு சிரிக்கும். போன வருடம் ஒரு பிறந்தநாளில் நானே சொல்லிப் பார்த்தேன். ஏறி வந்த கதை, என் கதை, நான் பட்ட அவமானம். பாதியில் என் சொந்த மகள், “பெரியப்பா சொல்லட்டும்பா” என்றாள். என் மானம் போன கதையைக்கூட என்னைவிட அவர்தான் நன்றாகச் சொல்கிறார் என்றால், ஒரு மனிதன் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அதனால்தான் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எழுத்தில் என்னை அடிக்க முடியாது; அவர் டீமேக்கர், நான் ஆசிரியர். எழுதி முடித்து ரெஜினாவிடம் கொடுத்தேன். குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்றபடியே வாசித்தாள். இரண்டு இடத்தில் சிரித்தாள்.

“நல்லாத்தாங்க இருக்கு” என்றாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக, “சொல்ல மறந்துட்டேன். நேத்து அக்கா பேசினா. எல்லாரும் கேக்குறாங்கன்னு அத்தானும் இந்தக் கதையை எழுத ஆரம்பிச்சிருக்காராம்” என்றாள்.

“எத்தனை பக்கமாம்?” என்று கேட்டேன்.